கடைமடையைக் காட்டும் ஒளி

கண்டியிலிருந்து மகியங்கனைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது தெல்தெனிய. இன்று காணப்படுவது புதிய ஊர். பழைய தெல்தெனிய, 1985 ஆம் ஆண்டில் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிலே கிடக்கின்றது. வரட்சி மிகுந்த ஆண்டுகளில் நீர்மட்டம் தாழும்போது பழைய கட்டடங்களின் சுவர்கள் தலைகாட்டுவதும், ஊரவர் அவற்றைக் காணத் திரண்டு செல்வதும் உண்டு. 122 மீற்றர் உயரமுள்ள அணை மகாவலியை அங்கே மறித்து நிற்கின்றது. அதனைக் கடந்து செல்லும் நீர், கிழக்கே மினிப்பேயில் மீண்டும் மறிக்கப்பட்டு வாய்க்கால் வழியே வயல்களை நாடுகின்றது. அவ்வயல்களின் கமக்காரரைக் கேட்டால் ஒன்று சொல்லுவர். அணையில் நீர் நிறைந்திருப்பது வேறு. கடைமடைக்கு நீர் வந்து சேர்வது வேறு. தலைமடையிற் பயிர் செழித்து நிற்கையிலேயே கடைமடையிற் பயிர் கருகிப் போவதுண்டு. வாய்க்கால் நெடுகிலும் நடந்து சென்று பார்த்தாலன்றி, அணைக்கட்டில் நிற்பவருக்கு அது தெரியாது.

உடலின் ஓரிடத்துத் தசையை எடுத்து மற்றோரிடத்திற் பொருத்தும் சத்திரசிகிச்சை வைத்தியருக்கும் இதே கவலை உண்டு. இதயம் நன்றாக இயங்குகின்றது. நாடித் துடிப்புச் சீராக இருக்கின்றது. ஆயினும், புதிதாகப் பொருத்திய தசையின் கடைசி விளிம்பு வரை குருதி சென்று சேர்ந்ததா? இவ்வினாவுக்கு விடை காண உதவும் ஒரு சாயத்தையும், அச்சாயம் வீசும் கண்ணுக்குப் புலனாகாத ஒளியையும் பற்றியதே இப்பேச்சு.

தெல்தெனியவுக்கு மேலே, ரங்கலைப் பக்கத்து மலைத்தோட்டம் ஒன்றிற் கொழுந்து கொய்யும் ஐம்பது வயதுப் பெண்ணொருத்தியை எடுத்துக்கொள்ளலாம். அவள் பெயர் எதுவாயினும் ஆகுக. அவளைப் போன்றோர் பலர். இளவயது முதல் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் அவளுக்கு வழித்துணை. மலைக்குளிருக்கும் பசிக்கும் களைப்புக்கும் அதுவே மருந்து என்று எண்ணி வந்தவள். ஒருநாள் நாவின் ஓரத்தில் வெண்படலம் ஒன்று தோன்றியது. பின்னர் அது ஆறாத புண்ணாயிற்று. காரம் பட்டால் எரிவு. பின்னர் காரம் படாமலே எரிவு. இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. பெண்களையும் அது விடவில்லை. புகையிலை கலந்த வெற்றிலைக் கூட்டுப் புற்றுநோயை விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985 ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. புகையிலை சேராத வெற்றிலையும், தனிப் பாக்குங்கூட அவ்வாறே என்று 2004 இல் வெளியிட்ட நூலில் உறுதிப்படுத்தியது. புகையிலையை மட்டும் விலக்கிவிட்டால் போதும் என்று எண்ணுவோர் இதனை மனத்திற் கொள்ளல் நன்று.

அவள் தெல்தெனிய ஆதார வைத்தியசாலைக்குச் சென்று, அங்கிருந்து பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு அனுப்பப்படுகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். நாவிற் பாதியை அகற்றவேண்டும் என்று முடிவாகின்றது. நோயை வெட்டி அகற்றுவது வேலையிற் பாதிதான். நாப்பாதி போன இடத்தை வெறுமனே இழுத்துத் தைத்துவிட்டால், எஞ்சிய நா வாயின் அடித்தளத்தோடு ஒட்டிக்கொள்ளும். விழுங்க முயன்றால் நீர் மூச்சுக்குழாயினுட் செல்லும். பேச முயன்றால் பேரப்பிள்ளைக்குக்கூட விளங்காது. ஆகவே, அந்த வெற்றிடத்தை நிரப்ப மென்மையான, வளைந்து கொடுக்கத்தக்க தசையும் தோலும் வேண்டும். அவை அவளுடைய உடலிலிருந்தே கிடைத்தாக வேண்டும்.

இந்தக் கலை நம் பக்கத்து நாடுகளுக்குப் புதியதன்று. வெட்டுண்ட மூக்கை மீண்டும் அமைக்கும் முறை சுசுருத சங்கிதையிற் சொல்லப்பட்டுள்ளது. திப்பு சுல்தானோடு நடந்த போரிலே, ஆங்கிலப் படையில் வண்டிமாடு ஓட்டிய காவாஸ்ஜி என்னும் மராட்டியர் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். பின்னர் பூனாவுக்கு அண்மையில் அவருக்கு மூக்கு அமைத்துக் கொடுத்தவர், பட்டம் பெற்ற வைத்தியரல்லர். பரம்பரைத் தொழிலாக அதனைச் செய்துவந்த ஒருவர். 1794 ஆம் ஆண்டில் இலண்டன் சஞ்சிகையொன்று இச்செய்தியைப் படத்தோடு வெளியிட்ட பின்னரே ஐரோப்பிய வைத்தியர்கள் இம்முறையிற் கருத்தூன்றினர். நெற்றித் தோலை மூக்கின் வடிவிற் கீறி உரித்து, இரு கண்களுக்கும் இடையே ஒரு காம்பை மட்டும் வெட்டாமல் விட்டு, தோலைத் திருப்பிக் கீழே பொருத்துவர். அக்காம்பு வழியே குருதி ஓடும். ஏறத்தாழ இருபத்தைந்தாம் நாள், புதிய இடத்தில் தோல் வேர்பிடித்தது என்று கண்டபின் காம்பை அறுப்பர். இருபத்தைந்து நாள் காத்திருத்தலே அன்று இருந்த சோதனை. காம்பை முந்தி அறுத்தால் மூக்கு அழுகும் என்பதை அனுபவம் கற்பித்திருந்தது.

காம்போடு கூடிய தோலும் தசையும் இன்றும் வழக்கில் உண்டு. மார்புத் தசையைக் காம்போடு கழுத்து வழியாக மேலே கொண்டுவந்து வாயிற் பொருத்தும் முறை 1979 முதல் உலகெங்கும் கையாளப்பட்டு வருகின்றது. நுண்கருவிகள் அரிதாகக் கிடைக்கும் நாடுகளில் அது பலருக்கு உயிர் காத்த முறை. ஆயினும் காம்பு எட்டும் தூரத்துக்கு மேல் அது செல்லாது. மார்புத் தசை நாவுக்குச் சற்றுத் தடிப்பானதுங்கூட.

காம்பையே அறுத்துவிட்டு, அதிலுள்ள நாடியையும் நாளத்தையும் புதிய இடத்து நாடி நாளங்களோடு தைத்துவிட முடியுமானால்? 1960 இல் உருப்பெருக்கியின் துணையோடு மிகச் சிறிய குருதிக்குழாய்களைத் தைத்துக் காட்டினர். 1973 இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேணில், ஒருவரின் அடிவயிற்றுத் தோலை முற்றாகப் பிரித்தெடுத்துக் காலில் பொருத்தி, குழாய்களை இணைத்து உயிர்ப்பித்தனர். சீன வைத்தியர்கள் முன்கைத் தோலை இவ்வாறு பயன்படுத்தும் முறையை வகுத்து 1981 இல் வெளியிட்டனர். முன்கைத் தோல் மெல்லியது, மிருதுவானது. நாவுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது.

முன்கைத் தோலை எடுக்குமுன் வைத்தியர் செய்யும் எளிய சோதனை ஒன்றை நேயர்கள் தம் கையிலேயே செய்து பார்க்கலாம். மணிக்கட்டில் இரு நாடிகள் உள்ளன. ஒன்று பெருவிரற் பக்கம், மற்றது சிறுவிரற் பக்கம். கையை இறுக மூடிக்கொண்டு, இரண்டையும் மற்றொருவர் அழுத்திப் பிடிக்க, பின்னர் கையை விரித்தால் உள்ளங்கை வெளிறித் தோன்றும். சிறுவிரற் பக்கத்து நாடியை மட்டும் விட்டதும், சில கணங்களில் உள்ளங்கை முழுவதும் சிவந்துவிடுமானால், அந்த ஒரு நாடியே கைக்குப் போதுமானது, மற்றதை எடுத்துக்கொள்ளலாம். அலன் என்னும் அமெரிக்க வைத்தியர் 1929 இல் விவரித்த சோதனை இது. கருவி ஒன்றும் வேண்டாம். கண்ணும் விரலும் போதும்.

ஆனால், தோலைப் பிரித்தெடுத்த பின்னர் கண்ணும் விரலும் போதுமா என்பதே வினா. இரண்டு மில்லிமீற்றர் அளவே அகலமான நாடியைத் தலைமயிரினும் மெல்லிய நூலால் தைத்து, இடுக்கியைத் தளர்த்தியதும் குருதி பாய்கின்றது. வைத்தியர் தோலை விரலால் அழுத்தி விடுகின்றார். வெளிறிய இடம் இரண்டு மூன்று வினாடிகளிற் சிவக்கவேண்டும். ஊசியால் விளிம்பிலே குத்துகின்றார்; செந்நிறக் குருதி துளிர்க்கவேண்டும். புறங்கையை வைத்துச் சூடு பார்க்கின்றார். அனுபவமுள்ளவர்க்கு இவை நல்ல சாட்சிகளே. ஆயினும், மங்கிய நிலைமைகளில் அவர்களும் தவறுவதுண்டு. நன்றாய்த் தோன்றிய விளிம்பு மூன்றாம் நாள் கறுத்து இறந்துவிடுகின்றது. இறந்துபோகும் என்று அஞ்சிய பகுதி பிழைத்துக்கொள்கின்றது. மேலும், தோலின் சிவப்பையும் வெளிறலையும் பார்த்து அறியும் அடையாளங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலை வைத்து எழுதப்பட்ட நூல்களில் உள்ளவை. கருநிறத் தோலில் அவை எளிதிற் புலப்படா. மலைத்தோட்டத்து வெயிலில் முப்பது ஆண்டு உழைத்த கையின் தோலில், அந்த மெல்லிய நிறமாற்றத்தைக் காண்பதற்கு வைத்தியர் மிகவும் உற்றுநோக்கவேண்டும்.

இங்கேதான் ஒளியின் கதை வருகின்றது. அதன் தொடக்கத்தில் மலையகத்துக்கு அறிமுகமான ஒரு பொருள் உண்டு: கொயினா. 1861 ஆம் ஆண்டில் நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள ஹக்கலையிற் பூந்தோட்டம் அமைக்கப்பட்டதே, கொயினா தரும் சின்கோனா மரங்களை வளர்ப்பதற்காகத்தான். கோப்பிப் பயிரை நோய் அழித்த பின்னர், 1880களில் தோட்டத்துரைமார் பலர் சின்கோனாப் பட்டையையும் பெருந்தொகையாக ஏற்றுமதி செய்தனர். கொயினா கரைந்த நீரிற் சூரிய ஒளி படும்போது, மேற்பரப்பில் வானீலமான ஒளி மினுங்குவதை 1845 இல் ஜோன் ஹெர்ஷல் கண்டு எழுதினார். கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கடந்த கதிரை அந்நீர் உட்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாக மாற்றி வெளிவிடுகின்றது என்று 1852 இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்ரோக்ஸ் விளக்கினார். புளோர்ஸ்பார் என்னும் கனிப்பொருளிலும் இவ்வியல்பு காணப்பட்டமையால், அதன் பெயரைக் கொண்டு புளோரசென்ஸ் என்று இதற்குப் பெயரிட்டவரும் அவரே. தமிழில் ஒளிர்வு என்று கொள்ளலாம். ஒரு நிற ஒளியை விழுங்கி, வேறு நிற ஒளியை உமிழ்தல். விழுங்கும்போது மட்டுமே உமிழ்தல். விளக்கை அணைத்தால் ஒளிர்வும் அக்கணமே அணையும்.

1871 இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் அடொல்வ் வொன் பாயர், புளோரசீன் என்னும் மஞ்சட் சாயத்தை ஆக்கினார். நீல ஒளி பட்டால் அது பசுமஞ்சளாகச் சுடர்விடும். இதனை நாளத்திற் செலுத்தி, இருட்டறையில் ஊதாக் கடந்த விளக்கைப் பிடித்தால், குருதி சென்ற இடமெல்லாம் ஒளிர்வதைக் காணலாம் என்று 1942 இல் லாங்கே, பொயிட் என்னும் இரு மருத்துவர்கள் காட்டினர். தோல் பொருத்துவோர் பலர் அம்முறையைப் பின்பற்றினர். செலவு குறைந்தது, எளியது. எனினும் குறைகள் உள்ளன. சாயத்தைச் செலுத்திப் பத்து நிமிடத்துக்கு மேலாகக் காத்திருக்கவேண்டும். அது நுண்குழாய்களிலிருந்து கசிந்து தசைகளில் ஊறிவிடுவதால், ஒருமுறை பார்த்தபின் பல மணி நேரத்துக்கு மறுமுறை பார்க்க இயலாது. நோயாளிக்குக் குமட்டல் உண்டாகலாம். தோலும் சிறுநீரும் ஒருநாள் வரை மஞ்சளாய் இருக்கும். ஒரு குழாயைத் தைத்துப் பார்த்து, அவிழ்த்து, மீண்டும் தைக்க நேரிடும் வைத்தியருக்கு, ஒரே முறைதான் வினவலாம் என்னும் சாட்சி அரைச்சாட்சியே.

இரண்டாவது சாயம் வைத்தியசாலையிற் பிறந்ததன்று. புகைப்படச் சுருள் தயாரிக்கும் கொடாக் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் 1950களிற் பிறந்தது. செந்நிறக் கீழ்க் கதிரை உட்கொள்ளும் சாயம் புகைப்படத் தொழிலுக்குத் தேவையாயிருந்தது. அதே காலத்தில் அமெரிக்காவின் மேயோ வைத்திய நிலையத்தில், இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு குருதியை வெளியேற்றுகின்றது என்பதை அளக்க விரும்பிய பொக்ஸ், வூட் என்போர் ஒரு சாயத்தைத் தேடிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கிருந்த இடர் வேடிக்கையானது. ஒட்சிசன் நிறைந்த குருதி செந்நிறம்; ஒட்சிசன் குறைந்த குருதி கருஞ்சிவப்பு. சாயத்தின் நிறத்தை அளக்கப்போனால் குருதியின் நிறமாற்றம் குறுக்கே வந்துவிடும். ஆனால், 805 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளிக்கு மட்டும் இருவகைக் குருதியும் ஒன்றுபோலவே தோன்றும். அவ்வலைநீளத்தை ஒட்டியே ஒளியை உட்கொள்ளும் சாயம் கொடாக்கிடம் இருந்தது. அதுவே இந்தோசயனின் பச்சை. 1957 இல் அவர்கள் அதனைப் பற்றி எழுதினர். 1959 இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றுக்கொண்டது. இதயத்துக்கும் ஈரலுக்கும் உரிய சோதனைகளில் அது நெடுங்காலம் பணிபுரிந்தது. 1970களிற் கண் வைத்தியர்கள் விழியின் பின்புறத்துக் குழாய்களைப் பார்க்க அதன் ஒளிர்வைப் பயன்படுத்தினர். 1990களின் இறுதியிலேதான், பொருத்திய தசையின் குருதியோட்டத்தைப் பார்க்க அது சத்திரசிகிச்சைக் கூடத்தை அடைந்தது. நாற்பது ஆண்டு அலுமாரியில் இருந்த மருந்துக்கு, ஏற்ற கமெரா வந்த பின்னரே இந்த இரண்டாம் வாழ்வு கிடைத்தது.

தசையைத் தைத்து முடித்ததும் என்ன நடைபெறுகின்றது? பச்சைத் தூளாக உள்ள மருந்து தூய நீரிற் கரைக்கப்படுகின்றது. சில மில்லிகிராம் அளவே போதும். மயக்கமருந்து வைத்தியர் அதனை நாளத்திற் செலுத்துகின்றார். கூடத்தின் பெருவிளக்குகள் தணிக்கப்படுகின்றன. கமெரா, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக் கீழ் ஒளியை வாயினுள் வீசி, சாயம் திருப்பி உமிழும் 830 நனோமீற்றர் அளவான ஒளியை மட்டும் வடிகட்டி ஏற்றுக்கொள்கின்றது. திரையில் முதலில் இருள். அரை நிமிட அளவில், தைத்த நாடி வெள்ளிக் கம்பிபோல ஒளிர்கின்றது. அங்கிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து மூட்டம்போலப் பரவும் வெளிச்சம். நீர் பாய்ந்த வயல் வாய்க்காலோரத்திலிருந்து நனைந்து வருவதைப் போல, தோல் முழுவதும் ஒளி பெறுகின்றது. ஓர் ஓரம் மட்டும் இருண்டே கிடந்தால், கடைமடைக்கு நீர் வரவில்லை என்பது பொருள்.

இச்சாயம் குருதியிலுள்ள புரதத்தோடு ஒட்டிக்கொண்டு குழாய்களுக்குள்ளேயே பெரும்பாலும் நிற்கும், கசிந்து ஊறாது. ஈரல் அதனை விரைவாகப் பிரித்துப் பித்தத்தோடு வெளியேற்றும்; மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகும். ஆகவே கால்மணி நேரங் கழித்து மீண்டும் கேட்கலாம். மீண்டும் விடை பெறலாம். தோலின் கருநிறப் பொருளும் இந்த ஒளியை அவ்வளவாக மறிப்பதில்லை. நிறம் பார்த்து மயங்கிய கண்ணுக்கு இஃது ஒரு பேருதவி.

அந்த விடையை வைத்தியர் என்ன செய்வார்? இருண்ட விளிம்பு சிறிதாயின், அதனை அப்பொழுதே அரிந்துவிட்டு, ஒளிரும் பகுதியை மட்டும் தைப்பார். முழுத் தசையும் இருண்டிருந்தால், தைத்த குழாயில் உறைகட்டி அடைத்திருக்கலாம், குழாய் முறுகியிருக்கலாம். அவிழ்த்துப் பார்த்து மீண்டும் தைப்பார். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் மார்பை மீள அமைப்போரும், உணவுக்குழாயை அகற்றி இரைப்பையை மேலே கொண்டுவந்து இணைப்போரும் இதே ஒளியை நாடுகின்றனர். அவர்களுக்கும் இடர் கடைசி விளிம்பில்தான்.

இவ்வளவும் கேட்டபின், கமெரா இருந்தால் கவலையில்லை என்று எண்ணிவிடலாகாது. ஒளி காட்டுவது வந்த குருதியை. திரும்பிச் செல்லும் குருதியை அவ்வளவு தெளிவாக அன்று. பொருத்திய தசை கெடுவதற்கு, நீர் வராமை ஒரு காரணமாயின், வடிகால் அடைபட்டு நீர் தேங்குதல் மற்றொரு காரணம். நாளத்திற் குருதி உறைவதே மிகுதியும் காணப்படும் இடராகும். அது சத்திரசிகிச்சை முடிந்து பத்து மணி நேரங் கழித்தும் நேரலாம். அக்கணத்தில் கமெரா வேறொரு நோயாளியின் பக்கத்தில் இருக்கும். மேலும், இந்த ஒளி ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மேல் ஆழமாக ஊடுருவாது. அடியில் உள்ளது திரைக்கு வராது.

அளவிடுவதிலும் சிக்கல் உண்டு. மிகப் பிரகாசமான இடத்தை நூறாக வைத்து, மற்ற இடங்களை அதனோடு ஒப்பிட்டு எண் தருகின்றது கருவி. எந்த எண்ணுக்குக் கீழே தசை இறக்கும் என்பதில் எல்லா வைத்தியரும் ஒருமித்துவிடவில்லை. குருதிக்குழாயைச் சுருக்கும் மருந்து செலுத்தப்பட்டிருந்தாலும், நோயாளி புகைபிடிப்பவராயினும், உடல் குளிர்ந்திருந்தாலும் ஒளி குன்றித் தோன்றும். சிலவேளை அப்பகுதி பின்னர் பிழைத்துக்கொள்ளும். எண்ணை மட்டும் நம்பிக் கத்தியை எடுத்தால், உயிருள்ள தசையை வெட்டி எறிந்ததாக முடியும். முன்கையிலிருந்து எடுத்த தோல் ஓர் அளவானது. வெட்டியதை ஈடுசெய்ய வேறு கிடையாது. திரையையும் பார்த்து, ஊசிமுனையில் வரும் குருதியின் நிறத்தையும் பார்த்து, இரண்டும் ஒத்துவந்தால் துணிந்து செயற்படுவோரே நல்ல வைத்தியர். இம்மருந்தில் அயடீன் உப்புச் சிறிதளவு சேர்ந்திருப்பதால், அயடீன் ஒவ்வாதவரிடம் எச்சரிக்கை வேண்டும். கடுமையான ஒவ்வாமை அரிதெனினும் நேர்ந்ததுண்டு. ஈரல் நோயுள்ளவரிடம் சாயம் மெதுவாகவே வெளியேறும்.

கமெராவின் விலையோ பெரிது. மருந்தும் பல நாடுகளுக்கு வெளியிலிருந்தே வரவேண்டியது. இதைக் கேட்டு எவரும் தளர்ந்துவிட வேண்டியதில்லை. இக்கருவி பரவுமுன்னரே, தேர்ந்த நிலையங்களில் இவ்வாறு இடம்மாற்றிய தசைகளில் நூற்றுக்கு 95 பிழைத்து வந்தன. அதற்குக் காரணம் பழகிய கைகளும், அதற்குச் சற்றும் குறையாத வகையில், இரவுத் தாதியரின் விழிப்புமாகும். எஞ்சிய ஐந்திலேதான் ஒளியின் உதவி பெரிதாகின்றது. அந்த ஐந்தில் ஒருத்தி ரங்கலைத் தோட்டத்துப் பெண்ணாயின், அவளுக்கு அது நூற்றுக்கு நூறு.

சத்திரசிகிச்சை முடிந்து அவள் விடுதிக்குக் கொண்டுவரப்படுகின்றாள். கழுத்தில் மூச்சுக்குழாய், மூக்கு வழியே உணவுக்குழாய், பேச்சு இல்லை. கெடுதல் நேருமாயின் பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள்ளேயே நேரும். ஆதலால் முதலிரு நாட்களும் மணிக்கொருமுறை தாதி வந்து, கைவிளக்கை வாயினுட் பிடித்து, புதிய நாவைப் பார்க்கின்றார். வெளிறியிருந்தால் நீர் வரவில்லை. நீலம்பாய்ந்து வீங்கியிருந்தால் நீர் தேங்குகின்றது. ஐயமாயின் ஊசியாற் குத்திப் பார்க்கின்றனர். கருங்குருதி விரைந்து வழிந்தால், நள்ளிரவானாலும் வைத்தியரை எழுப்பவேண்டும். சில மணி நேரத்துக்குள் மீண்டும் கூடத்துக்குக் கொண்டுசென்று நாளத்தைத் திறந்துவிட்டால், தசை பெரும்பாலும் பிழைக்கும். விடியட்டும் என்று காத்திருந்தால் பிழைக்காது. ஆகையால், கட்டிலருகே தொங்கும் அட்டையில் மணிக்கு ஒரு வரியாக நிறம், சூடு, அழுத்தியபின் சிவக்கும் நேரம் ஆகிய மூன்றும் எழுதப்பட்டு வரும்.